வலைக்கு வெளியே பட்ட பந்து

மார்ச் 8, சனி

அமெரிக்கச் சானலில் ஃபுட்போல் பார்க்கிறதும் பல்லுப் பிடுங்கக் கதிரையில் இருக்கிறதும் ஒன்றுதான். இன்றைக்குக் கோர்னர் அடிக்கிறான், பந்து கோல் வாசலுக்கு வருகிறது, வர்ணனைக்காரர் இரண்டு பேரும் அடித்தவனுடைய நாய்க்குட்டிக்கு என்ன பெயர் என்று கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். கோல் விழுந்த பிறகுதான் முழிப்பு வருகிறது. இடையில் ஒரு கணம் வாயை மூடி மைதானத்துச் சத்தத்தைக் கேட்கவிட மாட்டார்கள். யார் பந்தை வைத்திருக்கிறான், யார் காலியாக நிற்கிறான் — அதைச் சொல்லத்தானே சம்பளம்?

முடிந்ததும் வட்ஸ்அப் குறூப்பில் வழக்கம்போல ஒரு குரல் பதிவு போட்டேன். அந்த இரண்டு பேர் மாதிரியே கதைத்து, நாய்க்குட்டிக்கு நானே ஒரு பெயரும் வைத்து. ஊரில் ஒன்றாகப் பந்தடித்த எங்கள் பழைய கழகத்துப் பெடியன்கள் லண்டன், பாரிஸ், பாசையூர் என்று எங்கேயெல்லாமோ இருந்து சிரிக்கிறார்கள். குறூப்பை நடத்துகிற மரியோ லண்டனிலிருந்து எழுதுகிறான்: "செல்வரட்ணம் அண்ணை, நான் மட்ச் பாக்கிறதே உங்கட நக்கலைக் கேக்கத்தான்."

சொல்லக் கூச்சமாக இருந்தாலும், அதை மூன்று தரம் வாசித்தேன்.

மார்ச் 15, சனி

ஆட்டம் மோசம். வர்ணனை அதைவிட மோசம். தவக்காலத்துக்கு பியரை விட்டிருக்கிறேன், வெறும் தேத்தண்ணியோடு இவர்களைச் சகிக்க முடியவில்லை.

மார்ச் 22, சனி

இன்றைக்குப் புதிதாக ஒரு பெட்டை. முகம் காட்டவில்லை, குரல் மட்டும்தான். பெயரைக்கூட நான் கவனிக்கவில்லை. குரலைக் கேட்டால் வெள்ளைக்காரப் பிள்ளை. உள்ளதைச் சொன்னால் மற்றவர்களைவிடப் பரவாயில்லை, பந்து எங்கே நிற்கிறது என்றாவது சொல்கிறாள். ஆனால் எழுபதாவது நிமிடம் ஒருத்தன் அடித்த பந்து வலைக்கு வெளிப்பக்கம் பட்டு வலை ஆடியது. அவள் கோல் என்று கத்திவிட்டாள். நல்லாகக் கத்தினாள். பிறகு மன்னிப்புக் கேட்டாள்.

விடுவேனா? உடனே குரல் பதிவு. "கலியாணம் பேசமுன்னமே பிள்ளைக்குப் பேர் வைச்சிட்டாள்" என்று தொடங்கி, அவளுடைய கத்தலைக் கத்திக் காட்டி, கடைசியில், "அம்மா தாயே, உங்களை ஆர் குசினிக்குள்ள இருந்து வெளியில விட்டது? அடுப்பில சோறு கரியுது, ஓடிப்போங்கோ" என்று முடித்தேன்.

குறூப் அதிருகிறது. இவ்வளவு சிரிப்பு எந்தப் பதிவுக்கும் வந்ததில்லை.

மார்ச் 23, ஞாயிறு

பூசைக்குப் போகும் வழியில் காருக்குள் அந்தப் பதிவை என் மனிசி மரியம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். மோர்னிங்சைட் சந்தி தாண்டும்வரை வீதியைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு கேட்டாள்: "ஆம்பிளையள் பிழை விட்டா அவையை எங்கை அனுப்புவியள்?"

பகிடிக்குச் சொன்னது என்றேன். "ஓம், பகிடிதான்" என்றாள். இருபத்தெட்டு வருடம் ஒன்றாகக் குடும்பம் நடத்துகிறேன், அந்த "ஓம்" எனக்குத் தெரியும்.

மார்ச் 26, புதன்

மரியோ என் பதிவுக்கு ஆங்கிலத்தில் எழுத்துப் போட்டு, அந்த கோல் காட்சியோடு சேர்த்து டிக்டொக்கில் விட்டிருக்கிறான். தமிழ் தெரியாத ஆட்கள்கூடப் பார்க்கிறார்களாம். வேர்ஹவுசில் என்னோடு வேலை செய்கிற ஜமைக்காக்காரன் மதியச் சாப்பாட்டுக்குள் ஃபோனை நீட்டி, "இது உன் குரலா?" என்று கேட்டான். பெரிய ஆளாகிவிட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

லெஸ்லி போன் எடுத்தான். இதே நகரத்தில், ரெக்ஸ்டேல் பக்கம் இருக்கிற லெஸ்லி — கழகத்தில் நான் முன்னால் நின்று அடிக்க, பின்னால் நின்று மறித்தவன். இரண்டு வருடமாகக் குறூப்பில் இல்லை, வட்ஸ்அப்பே வேண்டாம் என்று விட்டவன்.

"மச்சான், உனக்கு ஒண்டு சொல்லோணும். ஆருக்கும் சொல்லேல்லை. நாவூறு பட்டிடுமெண்டு பிள்ளையையும் சொல்லவேண்டாமெண்டனான். செரீனா ரீவியில மட்ச் சொல்லுறாள். அமெரிக்கச் சானலில. நாலு மட்ச் பாத்திட்டுத்தான் வேலைக்கு எடுப்பினமாம். ரெண்டு முடிஞ்சுது."

செரீனா சிக்காகோவில் ஏதோ ஒஃபீசில் என்றுதான் எல்லோருக்கும் சொல்லியிருந்தான். எந்த மட்ச் என்று கேட்டேன். சொன்னான். வலைக்கு வெளியே பட்ட பந்து.

"சந்தோசம் மச்சான்" என்றேன். வேறு என்ன சொன்னேன் என்று நினைவில்லை. போனை வைத்துவிட்டு வோஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஏன் அங்கே போனேன் என்று தெரியாது.

செரீனா லெஸ்லி. நாங்கள் தகப்பன் பேரைத்தானே பிள்ளைக்குப் பின்னால் போடுவோம்! அந்தப் பேரைத் திரையில் போட்டிருப்பார்கள்தானே. நானும் பார்த்திருப்பேன்தானே. பார்த்தும் வெள்ளைக்காரி என்றுதானே விட்டேன்?

ஏப்ரல் 3, வியாழன்

அவள் என் ஞானப்பிள்ளை. இதை நேற்று எழுத முடியவில்லை.

அந்த மட்சைத் திரும்பப் போட்டுக் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். இப்போதும் அந்தக் குரலில் செரீனாவை என்னால் பிடிக்க முடியவில்லை. என்னோடு அவள் ஆங்கிலத்தில் கதைத்ததே இல்லை. "மாமா, சாப்பிட்டியளே", "மாமா, கார் பாத்து ஓடுங்கோ" — எனக்குத் தெரிந்த குரல் அதுதான். அவள் படித்து, வேலைக்குப் போய், நாளெல்லாம் பேசுகிற குரலை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்கவேண்டுமென்று நினைத்ததுமில்லை.

ஞானஸ்நானத்தன்று ஞானத்தகப்பனாக அவளைக் கையில் ஏந்திக்கொண்டு, சாமியார் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவளுக்காக நான்தான் பதில் சொன்னேன். அந்தப் பிள்ளைக்கு வாய் திறக்கத் தெரியாது என்று என்னுடைய வாயைக் கொடுத்தார்கள். அதே வாய்.

சீ.

ஏப்ரல் 5, சனி

மரியோவிடம் அந்தப் பதிவை டிக்டொக்கிலிருந்து எடுக்கச் சொன்னேன். "ஏன் அண்ணை, நல்லா ஓடுதே" என்றான். காரணம் சொல்லவில்லை, எடு என்றேன். எடுத்துவிட்டான். ஆனால் வேறு ஆட்கள் இறக்கி வைத்து மறுபடி மறுபடி போடுகிறார்கள், அதற்குக் கீழே எழுதியிருப்பதை வாசிக்க முடியவில்லை. நான் ஒரு குசினியோடு விட்டேன். அவர்கள் விடவில்லை.

இன்றைக்கு அவளுடைய மூன்றாவது மட்ச். குரல் ஒடுங்கியிருந்தது. இரண்டு கோலையும் பயந்து பயந்து சொன்னாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

லெஸ்லி மறுபடி போன் எடுத்தான். ஆரோ ஒருத்தன் தமிழில் நக்கலடித்திருக்கிறானாம், பிள்ளை அழுததாம், ஆரென்று கேட்டால் சொல்கிறாளில்லையாம். "என்ன மாதிரி ஆக்கள் மச்சான் உவங்கள்?" என்றான்.

"தெரியேல்லை மச்சான்" என்றேன்.

தெரியேல்லையாம். அதுவும் தவக்காலத்தில். இறைச்சியை விட்டேன், பியரை விட்டேன். விட்டிருக்கவேண்டியது இதையெல்லாம் இல்லை.

ஏப்ரல் 9, புதன்

செரீனாவுக்குப் போன் எடுத்தேன். மரியம்மா பக்கத்தில் வந்து இருந்துகொண்டு "இப்ப எடுங்கோ" என்றாள். அவளுக்கு எல்லாம் சொல்லிவிட்டேன்.

"சொல்லுங்கோ மாமா" என்றாள் பிள்ளை. எனக்குத் தெரிந்த அதே தமிழ்க் குரல். நான் தொடங்க முதல் அவளே தொடங்கினாள்.

"எனக்கு முதல் சொல்லிலயே தெரியும் மாமா. உங்கட குரல் எனக்குத் தெரியாதே?"

மன்னிச்சுக்கொள் பிள்ளை என்றேன். நீயென்று தெரியாது என்றேன். அதைச் சொன்ன பிறகுதான் விளங்கியது — வேறு யாராவது பிள்ளையாக இருந்திருந்தால் பரவாயில்லையோ?

"அந்த கோல் என்ர பிழைதான் மாமா. அதுக்கு எவ்வளவு நக்கலடிச்சாலும் தட்ஸ் ஃபெயர். நானும் சிரிச்சனான். மற்றது..." என்று நிறுத்தினாள். "என்ர புரடியூசர் அதை இங்கிலீசில வாசிச்சவர். இவர் உங்கட ஆக்களோ எண்டு கேட்டார். ஓம் எண்டன்."

அவளே தொடர்ந்தாள்.

"அப்பாட்டை மட்டும் சொல்லாதேங்கோ. அம்மா போனாப் பிறகு அவருக்கு நீங்கள்தானே இருக்கிறியள்."

சரி என்றேன். நெஞ்சில் ஒரு பாரம் இறங்கினது மாதிரி இருந்தது. ஏன் இறங்கவேண்டும்? அவள் தகப்பனுக்காகக் கேட்டாள். எனக்கு அது வசதியாகப் போய்விட்டது. அவ்வளவுதான் உண்மை.

ஏப்ரல் 12, சனி

கடைசி மட்ச். பிழை விடவில்லை. ஒன்றும் விடவில்லை. அழகும் இல்லை. கண்ணாடிப் பாத்திரம் கழுவுகிற மாதிரிக் கவனமாகச் சொன்னாள். முதல் நாள் கத்தினவள் எங்கே போனாள்?

ஏப்ரல் 15, செவ்வாய்

பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். சாமியார் இளம் ஆள். கேட்டுவிட்டு, அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டீர்களா என்றார். கேட்டேன் என்றேன். தகப்பனிடம்? பிள்ளை வேண்டாமென்றது சாமி என்றேன்.

"அவ வேண்டாமெண்டது அவவின்ர அன்பு. நீங்கள் சொல்லாமல் விடுறது என்ன?" என்றார்.

பாவ விமோசனம் தந்தார். வாங்கிக்கொண்டு வந்தேன். கார் பார்க்கில் கொஞ்ச நேரம் இருந்தேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

லெஸ்லியிடம் இன்றைக்குச் சொல்வோமென்று போனை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 20, உயிர்த்த ஞாயிறு

லெஸ்லி வீட்டில் சாப்பாடு. வருடா வருடம் நடக்கிறதுதான். ஆட்டுக்கறி அவன்தான் சமைத்தான், மனிசி போன பிறகு பழகினது. செரீனா வரவில்லை, வேலை என்றாளாம்.

மரியம்மா கை கழுவப் போன நேரம், கறியைக் கிளறிக்கொண்டே சொன்னான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மச்சான், உன்ர அந்தக் குரல் பதிவை நானும் கேட்டனான். கோயிலடிக் கோப்பிக் கடையில ஒருத்தன் போட்டுக் காட்டினவன். நீ வாய் துறக்கமுன்னம், தொண்டையைச் செருமினியே, அதிலயே தெரிஞ்சிட்டுது."

எப்ப என்றேன்.

"நான் உனக்குப் போன் எடுத்தது ஏனெண்டு நினைச்சனீ? கேட்டிட்டுத்தான் எடுத்தனான். நாவூறைப் பாத்து மூண்டு மாசம் ஆருக்கும் சொல்லாமல் வைச்சிருந்ததை உனக்குச் சொன்னன். தெரியாமல் செய்தது, தெரிஞ்சா சொல்லிப்போடுவாய் எண்டு பாத்தன். நீ சந்தோசம் மச்சான் எண்டாய். நாலு நாள் விட்டு இன்னொருக்கா எடுத்தன். தெரியேல்லை எண்டாய்."

பிள்ளை சொல்லவேண்டாம் என்றது என்று சொல்ல வாய் எடுத்தேன். அவள் சொன்னது அதற்குப் பிறகுதானே. வாயை மூடினேன்.

"நக்கல் எனக்குப் பெரிசில்லை செல்வம். நக்கலடிக்காமல் நீ ஆரைத்தான் விட்டனீ" என்றான். பிறகு, "சாப்பிடு, ஆறுது" என்று என் தட்டில் இன்னும் இரண்டு துண்டு போட்டான். அவனுக்கு முன்னால் இருந்து அதைச் சாப்பிட்டு முடித்தேன்.

வரும்போது மரியம்மாதான் கார் ஓட்டினாள். 

ஏப்ரல் 21, திங்கள்

குறூப்பில் பதிவு போட்டேன். அந்தப் பிள்ளை என் ஞானப்பிள்ளை, லெஸ்லியின் மகள், அவள் யாராக இருந்தாலும் நான் குசினி என்று சொன்னது கேவலம் என்று சொன்னேன். பகிடி ஒன்றும் சேர்க்கவில்லை.

சில பெருவிரல்கள் வந்தன. ஒருத்தன் "இண்டைக்கு நக்கல் இல்லையோ அண்ணை" என்று எழுதினான். இதையும் டிக்டொக்கில் போடு என்று மரியோவிடம் கேட்டேன். போட்டான். யாரும் பார்க்கவில்லை.

மே 6, செவ்வாய்

செரீனாவிடமிருந்து செய்தி. சானல்காரர் அவளை வேலைக்கு எடுக்கவில்லை. "அதுக்கும் உங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை மாமா, கவலைப்படாதேங்கோ" என்று எழுதியிருக்கிறாள்.

உண்மையாக இருக்கலாம். என்னைத் தேற்றுவதற்காகவும் எழுதியிருக்கலாம். எது என்று எனக்கு ஒரு நாளும் தெரியப்போவதில்லை. அந்தச் சானலில் நாய்க்குட்டிக் கதை சொன்ன இரண்டு பேரும் இன்னும் இருக்கிறார்கள்.

மே 17, சனி

லெஸ்லி தானாக எனக்கு அழைப்பதில்லை. நான் அழைத்தால் எடுக்கிறான். சுகமோ என்றால் சுகம் என்கிறான்.

ஜூன் 14, சனி

பெண்களுடைய சின்ன லீக் ஒன்று, இணையத்தில் மட்டும் காட்டுகிறார்கள். செரீனா அங்கே மட்ச் சொல்கிறாள். சம்பளம் பெரிதாக இல்லையாம், மரியம்மாவுக்குத்தான் சொல்லியிருக்கிறாள். லப்டொப்பைக் குசினி மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். படம் இடைக்கிடை நிற்கிறது, குரல் நிற்கவில்லை.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. லெஸ்லி.

"பாக்கிறியே?"

"பாக்கிறன்."

 அவனுடைய பக்கத்திலும் அவள் குரல் கேட்டது.

"எனக்கு உவளின்ர இங்கிலீசு ஓட்டம் பிடிபடேல்லை" என்றான். "அவள் என்ன சொல்லுறாள் எண்டு நீ சொல்லு."

இந்த ஊரில் முப்பது வருடம் டாக்சி ஓட்டினவன். அவனுக்கு விளங்காத இங்கிலீசு இல்லை.

சொன்னேன். இடது பக்கத்தால் ஏழாம் நம்பர் போகிறாள் என்றாள், போகிறாள் என்றேன். குறுக்கே போடுகிறாள் என்றாள், போடுகிறாள் என்றேன். மைதானத்தைக் கேட்க விட்டு அவள் பேசாமல் இருந்த இடத்தில் நானும் பேசாமல் இருந்தேன். என்னுடையதாக ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. 

இடைவேளைக்கு விசில் ஊதினார்கள். "தேத்தண்ணி ஒண்டு போட்டிட்டுத் திரும்பப் போன் எடுக்கிறன்" என்று வைத்தான்.

இன்னும் எடுக்கவில்லை. இரண்டாம் பாதி தொடங்கப்போகிறது. போனை மேசையில் வைத்துக்கொண்டு இருக்கிறேன்.