அட்டை கேட்காத அட்டை

மாப்ள,

காலுறைக்குள் ஏதோ சில்லென்றது. விலக்கிப் பார்த்தால், அட்டை. மேகமலையில் இறங்கிப் பத்தடி நடக்கவில்லை, அதற்குள் ஏறிவிட்டது. உப்புப் பொட்டலம் பையில்தான் இருக்கிறது. எடுக்காமல், ஒரு பாறையில் உட்கார்ந்து உனக்கு இதைப் போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

போன மழைக்கு நீயும் வந்திருந்தாய். தென்பழனி செக்போஸ்டில் வனக்காவலர் வேனுக்குள் எட்டிப் பார்த்து, "எல்லார்ட்டயும் ஆதார் அட்டை இருக்கா?" என்றார். "மேல போனாத்தான்யா ஏறும்" என்றேன். அவரே சிரித்துவிட்டார். சரணாலயத்தில் யானையைத் தேடி அலைந்து, கடைசியில் பார்த்தது அது போட்ட லத்தியை மட்டும்தான். "ஆளக் காணோம்டா. அட்டெண்டன்ஸ் போட்டுட்டு ஓடிருச்சு, நம்மள மாதிரி" என்றாய்.

இரண்டு பேர் காலிலும் அட்டைக்கடி. எனக்குச் சின்னமனூர் வருவதற்குள் ரத்தம் நின்றுவிட்டது. உனக்கோ மறுநாள் வகுப்பிலும் வெள்ளைக் காலுறை சிவந்திருந்தது. அட்டை கடித்தால் அப்படித்தான் என்று எல்லோரும் சிரித்தோம். பிறகு ஈறில் ரத்தம். பிறகு மதுரை ஆஸ்பத்திரி. ரத்தப் புற்று என்றார்கள்.

"ரத்தத்துல தட்டணு கொறஞ்சு போச்சுன்னு டாக்டர் சொன்னாக" என்று உன் அம்மா என்னிடம் சொல்லும்போது, நீ கட்டிலிலிருந்தே கத்தினாய்: "அப்பவே சொன்னேன் ஆத்தா, தட்டுல சோத்தக் கொறைக்காதன்னு!" நீயும் நானும் மட்டும்தான் சிரித்தோம். உன் பல்லெல்லாம் சிவப்பு.

நமக்கு ஒரே ரத்தப் பிரிவு. கீழே ரத்த வங்கிக்கு ஓடிப்போய்க் கையை நீட்டினேன். "ஆதார் அட்டை இருக்கா தம்பி?" கொடுத்தேன். பிறந்த வருடத்தைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள். "பதினெட்டு ஆகட்டும்ப்பா."

மேலே வந்து சொன்னேன். "சரி, வெயிட் பண்றேன்டா" என்றாய்.

காத்திருப்பதில் நீ என்றைக்குமே சுத்த மோசம்.

இன்றைக்கும் செக்போஸ்டில் அதே கேள்வி. வேனே திரும்பி என் வாயைப் பார்த்தது. அட்டையை மட்டும் நீட்டினேன்.

இந்த அட்டை மட்டும் என்னிடம் எந்த அட்டையும் கேட்கவில்லை, மாப்ள. நாவல்பழம் போலக் கருத்து உருண்டுவிட்டது. "ஏலே, உப்பப் போடுறா!" என்று பையன்கள் கத்துகிறார்கள். போடவில்லை. வயிறு நிறைந்ததும் தானே உதிர்ந்துவிட்டது.

ரத்தம் கணுக்காலில் வழிகிறது. துடைக்கவில்லை. அன்றைக்கு உனக்கென்று நீட்டிய ரத்தம் இது.

சின்னமனூர் போவதற்குள் நின்றுவிடும். எனக்கு நின்றுவிடும்டா.