அது இங்கே வழமைதானே

என் ஆங்கிலத்தையும் என் வாயையும் ஒரே சிவப்புப் பேனாவால் திருத்தப் பார்த்த வசந்தி மச்சாளுக்கு,

உம்முடைய ஆட்டைத் திவசம், முதலாம் வருடத்தது, போன கிழமை முடிந்தது. ஐயர் நேரத்துக்கு வந்தார். கத்தரிக்காய்க் கறியில் உப்புக் கூடிவிட்டது. வந்த சனம் எல்லாம் உம்மைத் தங்கமான மனுசி என்று சொல்லிவிட்டுப் போனது. உயிரோடு இருந்தபோது உம்மை வாய்க்காரி என்றவர்களும் இவர்கள்தான். செத்தவர்களின் குணம் திருந்துவது போல வேறு யாருடைய குணமும் திருந்துவதில்லை.

நீர் அறியாத செய்தி ஒன்று. நீர் ஸ்கூட்டியில் போகும்போது ஆற்று மண் ஏற்றும் டிப்பர் லொறி அடித்துச் செத்த மறுநாளே சந்தியில் கண்ணீர் அஞ்சலிப் பதாகைகள் கட்டிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தினுடையது ஒன்று. பழைய மாணவர்களுடையது ஒன்று. எல்லாவற்றிலும் பெரியது, டிப்பர் உரிமையாளர் சங்கத்தினுடையது. உம்மை அடித்த டிப்பரின் சொந்தக்காரரும் அதில் ஓர் அங்கத்தவர். உம்முடைய படத்தை ஏதோ கலியாண வீட்டுப் படத்திலிருந்து வெட்டியிருந்தார்கள். வெட்டியது போக, உம் தோளில் யாருடையதோ ஒரு கை மட்டும் மிஞ்சியிருந்தது. அது என் கை மச்சாள். கட்டியிருந்த மணிக்கூட்டைப் பார்த்து அடையாளம் கண்டேன்.

உம்முடைய அம்மா, என் மாமி, நேரே போய் அதை அவிழ்க்கச் சொன்னார்.

"அம்மா, நாங்கள் ஒரு மரியாதைக்குத்தானே கட்டினனாங்கள்?"

"மரியாதை இருந்திருந்தா மெதுவா ஓடியிருப்பியள் மோனை. அவிழுங்கோ."

அவிழ்த்தார்கள். இப்போது அது யாருடையதோ மாட்டுக் கொட்டிலுக்குக் கூரையாக இருக்கிறது என்று கேள்வி. அந்தச் சங்கம் ஊருக்குச் செய்த உபகாரம் அது ஒன்றுதான்.

நீர் மல்லாவியில் ஆங்கிலம் படிப்பித்த காலத்தில் பிள்ளைகளின் கட்டுரைகள் எல்லாம் ஒரே மாதிரித்தான் தொடங்கும்: "இந்நாட்களில் இது மிகவும் கொமன்." டெங்கு கொமன், கைத்தொலைபேசி கொமன், யானை கொமன். நீர் அந்த வரியை வெட்டிவிட்டுப் பக்கத்தில் "ஆர் சொன்னது?" என்று தமிழில் எழுதுவீர். அந்தப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். இப்போது அறிக்கை எழுதுகிறார்கள். கொமன் என்று யாரும் எழுதுவதில்லை. முன்னேறியிருக்கிறார்கள். 'பிரெவலன்ட்' என்று எழுதுகிறார்கள்.

கிளிநொச்சியில் நடக்கும் கூட்டங்களில் ஆங்கிலத்தைத் தமிழாக்குவதுதான் என் பிழைப்பு என்பதால், நீர் போன பிறகு இந்தச் சொற்களின் உபயோகத்தை நான் நன்றாகவே கற்றுக்கொண்டேன். கேளும். 'கொமன்' ஏழைகளின் சொல். தடிமன், காய்ச்சல், பாம்புக்கடி எல்லாம் கொமன். அதையே குளிரூட்டிய அறையில் சொன்னால் 'பிரெவலன்ட்'. உதவி கேட்டு எழுதும்போது 'வைட்ஸ்பிரெட்'. பக்கத்துத் திணைக்களத்தைக் குறை சொல்லும்போது 'ரம்பன்ட்'. பெயர் சொன்னால் வில்லங்கம் வரும் ஆட்கள் 'டொமினன்ட் குரூப்'. நாங்கள் எல்லோரும் போய்ச் சேர வேண்டிய இடம் 'மெயின்ஸ்ட்ரீம்'. அதற்கு எந்தச் சந்தியில் பஸ் ஏற வேண்டும் என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.

இந்தச் சொற்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. செய்தவன் யார் என்று சொல்லத் தேவையில்லை. மண் அள்ளுதல் பிரெவலன்ட். யார் அள்ளுகிறார்கள்? ஒருவரும் இல்லை. ஆற்று மண் விடிய எழும்பி, உடம்பை உதறி, தானே டிப்பரில் ஏறிப் போகிறது.

உம்முடைய மகள் துளசி இப்போது மாமியோடு இருக்கிறாள். தகப்பனைக் கண்டறியாத பிள்ளை, இப்போது தாயும் இல்லை. நீர் விழுந்த அதே றோட்டால்தான் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறாள். வேறு றோட்டு இல்லை. மாமியும் மற்றத் தாய்மாரும் கேட்டது மிகச் சின்ன விஷயம். பள்ளிக்கூடம் தொடங்கும் நேரமும் விடும் நேரமும் அந்த வழியால் டிப்பர் ஓடக் கூடாது. மண் அள்ள வேண்டாம் என்று கூட அவர்கள் கேட்கவில்லை.

அதற்குப் பிரதேச செயலகக் கந்தோரில் ஒரு கூட்டம் வைத்தார்கள். கொழும்பிலிருந்து ஓர் ஆலோசகர் வந்து ஆங்கிலத்தில் பேசினார். நான் பக்கத்தில் நின்று தமிழாக்கினேன். இந்தப் பிரதேசத்தில் இது பிரெவலன்ட், நிலவும் சூழலில் வீதி விபத்துகள் கொமன், ஒரு கிராமத்துக்கு மட்டும் தனி விதி போட முடியாது என்றார். வாயில் கற்கண்டு போட்டது போல மெதுவாகச் சொன்னார்.

நான் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. "ஐயா சொல்லுறார், உது இஞ்ச எல்லா இடமும் நடக்கிறதாம். ஆக்கள் அடிபடுறதும் வழமைதானாம். அதால ஒண்டும் செய்யேலாதாம்."

மாமி எழும்பினார். "வழமையெண்டா, என்ர பிள்ளை செத்தது சரியெண்டோ அவர் சொல்லுறார்? கேட்டுச் சொல்லும் தம்பி."

கேட்டேன். ஆலோசகர் பதறிப் போனார். இல்லை, இல்லை, அது 'ட்ராஜிக்' என்றார். அந்தச் சொல்லின் உபயோகமும் அன்று விளங்கியது. தாய் முன்னால் இருக்கும்வரை ட்ராஜிக். தாய் எழும்பிப் போனதும் பிரெவலன்ட்.

பிறகு தேத்தண்ணி. ஆலோசகர் மீன் வைத்த மாலு பணிஸ் ஒன்றைக் கடித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அண்ணை, பணிஸ் திறமாய் இருக்கு. எந்தக் கடையில எடுத்தவை?"

வடிவான யாழ்ப்பாணத் தமிழ் மச்சாள். அவ்வளவு நேரமும் நான் எதற்காக நின்று தொண்டை கிழியத் தமிழாக்கினேன் என்று நினைக்கிறீர்? அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை. வீதிப் பாதுகாப்புக்கு ஒரு திட்டம் எடுக்கலாம் என்றார், ஆறுதலாக.

"ஆனா ஒரு ஊரில ஒரு சாவு காணாது அண்ணை. வைட்ஸ்பிரெட் எண்டு காட்ட வேணும்."

"அப்ப இன்னும் கொஞ்சப் பேர் சாகட்டும் எண்டுறியளோ?"

"சீச்சீ, நான் அப்பிடிச் சொல்லேல்ல. உங்களுக்கு இங்கிலீஷ் விளங்கேல்ல."

விளங்கியது. நிறுத்தக் கேட்டால் அது கூடிப்போன பிரச்சினை, நிறுத்த முடியாது. உதவி கேட்டால் அது அளவு காணாத பிரச்சினை, கவனிக்க முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் துளசி சைக்கிள் ஓடுகிறாள்.

சிறுபோக அறுவடை முடிந்ததும் மாமி ஒரு வேலை செய்தார். காலையில், பிள்ளைகள் புறப்படும் நேரம், வீட்டு நெல்லைக் கொண்டுபோய் அந்தத் தார் றோட்டில் காயப்போட்டார். சைக்கிள் போக மட்டும் ஒரு கரையில் இடம் விட்டார். மற்றத் தாய்மாரும் தங்கள் சாக்குகளை அவிழ்த்தார்கள். றோட்டில் நெல் காய்வதும், வாகனங்கள் அதை மிதிக்காமல் போவதும் எங்கள் ஊரில் எப்போதும் உள்ளது. ஒரு டிப்பர் வந்தது. பிறேக் அடித்து நின்றது. சாரதி இறங்கி வந்தான், மரியாதையாக.

"அம்மா, நெல்லை ஒருக்காக் கூட்டி ஒதுக்குங்கோவன், போக வேணும்."

"ஈரம் மோனை. பள்ளிக்கூட மணி அடிக்கக் காஞ்சிடும்."

"மிதிச்சுப் போகேலாதே, சோறெல்லே."

சொன்னானே மச்சாள்! சோறாம். அவனை நல்லவன் என்று சொல்வதா, கெட்டவன் என்று சொல்வதா? அவன் வீட்டிலும் நெல் காயும், அவன் வீட்டிலும் பிள்ளை இருக்கும். நெல்லைக் கண்டதும் கால் தானாகப் பிறேக்குக்குப் போகிறது. பிள்ளையைக் கண்டால் கை ஹோர்னுக்குப் போகிறது. இதை நினைத்தால் எனக்கு என் ஊர்மேலும் அருவருப்பு வருகிறது. கொழும்புக்காரனை மட்டும் திட்டி முடித்துவிடலாம் என்றுதான் இதை எழுதத் தொடங்கினேன்.

அன்று தொடக்கம் காலையும் பின்னேரமும் நெல் காய்கிறது. காய்ந்த நெல்லே திரும்பத் திரும்பக் காய்கிறது. குத்தினால் முழு அரிசி வராது, குறுணல்தான். ஊரெல்லாம் குறுணல் கஞ்சி குடிக்கிறோம். துளசி போய் வருகிறாள்.

கூட்டம் வைத்த கந்தோரில் இதைத் 'தனித்த சம்பவம்' என்று எழுதினார்களாம். டிப்பர் அடித்தால் எங்கும் உள்ளது. தாய்மார் மறித்தால் எங்கும் இல்லாதது. ஆனால் போன கிழமை பூநகரியிலிருந்து ஒரு பெண் அழைத்து, நெல்லை எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள், எந்த அகலத்துக்குப் போடுகிறீர்கள் என்று விசாரித்தாள். அடுத்த நாள் கந்தோரிலிருந்து அழைப்பு.

"ஐயா, உது மற்ற ஊருகளிலயும் வழமையாப் போயிடும் போல கிடக்கு. சொல்லி நிப்பாட்டுங்கோவன்."

"நான் மொழிபெயர்ப்பாளன் தம்பி. ஆரும் சொன்னாத்தான் நான் சொல்லுவன்."

ஒரு பயம் இருக்கிறது. மாரி வருகிறது. வடக்கே கறுக்கத் தொடங்கிவிட்டது. நேற்று அந்தச் சாரதி கண்ணாடியை இறக்கிச் சிரித்தான். "மழை பெய்யட்டும் அம்மா, அப்ப பாப்பம்." மாமி நெல்லைக் காலால் கிளறிக்கொண்டே நின்றார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. மழையில் நெல் போட முடியாது, முளைத்துவிடும். கூட்டம் கேட்டால் அடுத்த வருடம் வைப்பார்கள்.

ஆகவே மச்சாள், ஒரு வாக்குத் தருகிறேன். மழை தொடங்குகிற காலை, நெல் கிடந்த இடத்தில் ஒரு கதிரையைப் போட்டு, குடை பிடித்துக்கொண்டு நான் இருப்பேன். மாமியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்; இரண்டு கதிரை. நெல்லுக்கு நின்றவன் எங்களுக்கு நிற்பானா? தெரியாது. துளசி எங்களைக் கடந்து பள்ளிக்கூட வாசலுக்குள் போகும் மட்டும் எழும்ப மாட்டோம்.

உம் தோளில் கைபோட்ட மச்சான்,
குணம்