களைக்குத் தண்ணீர் ஊற்றியவர்

ஜூன் 4
அறுநூறு புழுக்களையும் இன்று மாட்டுப்பண்ணையில் விட்டாயிற்று. இந்த அந்துப்பூச்சியின் புழு, மேய்ச்சல் நிலத்தை விழுங்கிவரும் மஞ்சள்பூக் களையைத் தவிர வேறெதையும் தின்னாது என்று நிரூபிக்கவே நான்கு வருடம். தொண்ணூறு வகைச் செடிகளை வைத்துப் பார்த்தேன். பட்டினி கிடந்து செத்தனவே தவிர, வாய் வைக்கவில்லை. என் மகளும் சாப்பாட்டில் இந்த ரகம்தான்.

பண்ணைக்காரரின் இரண்டு கன்றுகள் அந்தக் களையைத் தின்றுதான் செத்தன. சிவப்புத் துணிக்கொடி நட்ட துண்டு நிலத்துக்கு மட்டும்தான் அனுமதி. அனுமதி தந்த குழு அடுத்த வாரம் பார்க்க வருகிறது என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 7
வளர்ப்பறையில் நாற்பது கூட்டுப்புழுக்கள்தான் மிச்சம். பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீடு மாதிரி வெறிச்சென்று இருக்கிறது. "ஊரே புழுவைக் கொல்லுது, நீ அதுக்கு ஏங்குற" என்று வீட்டுக்காரர் கேலி.

ஜூன் 12
போச்சு. எல்லாம் போச்சு.

ஜூன் 13
நேற்று எழுத முடியவில்லை. குழு போய் நின்ற இடத்தில் ஒரு களைகூட இல்லை. பண்ணைக்காரர் எல்லாவற்றையும் புழுக்களோடு சேர்த்து வெட்டி எரித்து, கொடியைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடும் போட்டிருந்தார்.

"பெரியவங்க வர்றாங்கன்னு சொன்னீங்களே, அதான் சுத்தம் பண்ணி வெச்சேன்."

அவரை எப்படித் திட்டுவது? வெட்டாதீங்கன்னு ஒரு வார்த்தை சொன்னேனா நான்? கன்னுகளைப் பறிகொடுத்த மனுஷன்கிட்ட? புத்தி எங்க போச்சு எனக்கு? — இந்தப் பருவத்துக்குள் பூச்சி அங்கே பெருகாவிட்டால் திட்டத்தை மூடிவிட்டுக் களைக்கொல்லி மருந்து தெளிக்கப்போவதாகச் சொல்லிவிட்டார் குழுத் தலைவர்.

ஜூன் 14
பண்ணைக்காரர் போன் செய்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "அந்தச் செடி எவ்வளவு உயரம் இருந்தா உங்க பூச்சிக்குப் பிடிக்கும்?" என்றார்.

ஜூன் 25
கூட்டிலிருந்து வெளிவந்த முப்பத்தேழு பூச்சிகளோடு போனேன். மேய்ச்சல் நிலத்திலிருந்து களையை வேர்மண்ணோடு பெயர்த்துவந்து, கொடியைச் சுற்றி வரிசையாக நட்டு, வேலியும் போட்டிருக்கிறார். தினம் இருவேளை தண்ணீர். பழக்கதோஷத்தில் அரிவாளோடு வந்த மனைவியைத் துரத்திவிட்டாராம். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஜூலை 2
இலைக்கடியில் முட்டைகள். மூன்று தடவை எண்ணினேன். சந்தோஷமாக இருக்கிறது, வேறென்ன எழுத?

ஜூலை 28
நட்டதில் பாதிக்குமேல் வெறும் குச்சி. படம் அனுப்பினேன், இன்னும் மூன்று பண்ணைகளுக்கு அனுமதி தருவதாகக் குழுத் தலைவர் பதில் போட்டிருக்கிறார். அதைச் சொல்ல நேரில் போனால், பண்ணைக்காரர் வேலியோரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நிற்கிறார்.

"பாத்துப் பாத்து வளத்தேன். ஒரு இலைகூட மிச்சம் வைக்கலையே, பாவிங்க" என்றார்.