அத்தைக்கு இந்த ஆண்டுப் பொங்கல் சீர்

என் அருமை அப்பாவுக்கு,

தில்லிக் குளிருக்குப் பயந்து ஓடிவந்த உங்கள் மகள், நன்னிலத்தில் அத்தை வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். தை பிறக்க இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. இங்கே வெயில் சுள்ளென்று அடிக்கிறது. அங்கே அம்மா ஹீட்டரை விட்டு நகரமாட்டேன் என்கிறாள்.

முதலில் அலுவலகச் செய்தி. எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். நீங்கள் இருந்திருந்தால், "எங்கேருந்து வேணா பாக்கலாம்னா அது என்ன வேல?" என்று கேட்டிருப்பீர்கள். திருச்சியில் ஒரு காரை வாடகைக்கு எடுத்தேன். பத்து நாளாக நானும் லேப்டாப்பும் இந்த வயல்களுக்கு நடுவே சுற்றிக்கொண்டிருக்கிறோம். டவர் கிடைக்கும் இடத்தில் புளியமர நிழலாகப் பார்த்து நிறுத்துவேன். மீட்டிங் முடிந்ததும் மறுபடி வண்டியைக் கிளப்புவேன்.

ஊர் சுற்றப் போகிறேன் என்றுதான் ஆபீசில் சொன்னேன். உண்மையில் உங்களை வேவு பார்க்கத்தான் வந்தேன்.

வருடா வருடம் பொங்கலுக்கு முன்னால், உங்கள் தங்கைக்குச் சீர் கொடுக்கத் தனியாக ரயில் ஏறுவீர்கள். புடவை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்பு. கொடுத்துவிட்டுத் திரும்ப ஒரு நாள் போதும். நீங்களோ நாலைந்து நாள் காணாமல் போவீர்கள். கேட்டால், "பஸ் கெடைக்கல" என்பீர்கள். எல்லா வருடமுமா பஸ் கிடைக்காது? நீங்கள் ஒரேயடியாகப் போன பிறகு உங்கள் ரெக்சின் பையின் பக்க ஜிப்பைத் திறந்தேன். ஒரு கொத்து பஸ் டிக்கெட். மெஷினில் அடித்தவை, மை மங்கிப்போயிருந்தது. இரண்டில் மட்டும் ஊர்ப் பெயர் தெரிந்தது. ஒன்று திருக்கடையூர், இன்னொன்று வேதாரண்யம்.

அப்படியே சீரையும் நானே கொண்டுபோகிறேன் என்றதும் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அண்ணனோ தம்பியோ குடுக்கறதுடி அது. கூடப் பொறந்தவன் போனா அதோட நின்னுடும். நீ போயி நின்னு, அவ வேணாம்னுட்டா என் மூஞ்சிய எங்க வச்சிக்கறது?"

பத்து நாளும் என்னோடு காரில் வந்த கேள்வி அதுதான் அப்பா. போன பொங்கல் துக்க வருடத்துக்குள் வந்தது, யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. இந்த வருடமும் ஒருவரும் போகாவிட்டால், அத்தைக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இல்லாமலே போய்விடும். போய் நின்று, அவர் வாங்க மறுத்துவிட்டால்?

திருக்கடையூரில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் காரை நிறுத்தி வேலை பார்த்தேன். மாலையும் கழுத்துமாக அறுபதாம் கல்யாணத் தம்பதிகள் போய்க்கொண்டே இருந்தார்கள். பூக்கார அம்மாவிடம் உங்கள் போட்டோவைக் காட்டினேன். "தெனம் எத்தன அப்பா வர்றாங்க! மாலைய போட்டுட்டா எல்லாரும் ஒரே மாதிரிதாங்க இருக்காங்க" என்றார். உங்கள் அறுபதுக்கு அம்மா எவ்வளவு கெஞ்சினாள்! வீண் ஆடம்பரம் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டீர்கள். அப்புறம் இங்கே எதற்கு வந்தீர்கள்? உள்ளூர ஆசை இருந்ததா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அப்பா.

வேதாரண்யத்தில் உப்பளத்துக்குப் பக்கத்தில் டவர் பிரமாதம். என் முதுகுக்குப் பின்னால் வெள்ளைக் குவியலைப் பார்த்த மேனேஜர், அந்தப் பக்கம் பனி பெய்யுமா என்று கேட்டார். மூட்டை பிடித்துக்கொண்டிருந்தவரிடம், தில்லியிலிருந்து ஒருத்தர் வருடா வருடம் இந்த ஊருக்கு எதற்கு வருவார் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "உப்பளத்துக்கு வர்றவங்க உப்புக்குத்தாங்க வருவாங்க." நியாயம்தான். நானும் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டேன்.

நேற்றுக் காலை கரும்புக் கட்டைக் காரின் தலையில் கட்டிக்கொண்டு நன்னிலம் வந்தேன். அத்தை வீட்டு வாசலை அடைவதற்குள் மீட்டிங் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். முடியவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்து நான் பேசவேண்டியதைப் பேசிக்கொண்டிருக்கும்போது யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். இறக்கினேன். அத்தை.

"ஏம்மா, கட்டு என்ன வெல?"

அது தில்லி வரைக்கும் கேட்டது. ஆபீசில் தமிழ் தெரிந்த ஒரே ஆள், "எனக்கும் ஒரு கட்டு" என்று சாட்டில் எழுதினான். நான் லேப்டாப்பைப் பட்டென்று மூடினேன்.

"அத்தை, நான் கரும்பு விக்க வரல. உங்க அண்ணன் பொண்ணு."

கன்னத்தைத் தடவினார், நெட்டி முறித்தார், இளைத்துவிட்டாய் என்றார். பிறகுதான் நான் காரிலிருந்து எடுத்த தாம்பாளத்தைப் பார்த்தார்.

"யாரு குடுத்துவிட்ட சீரு?"

"யாரும் குடுத்துவிடல அத்தை. நான்தான் கொண்டாந்திருக்கேன்."

முகம் மாறிவிட்டது. "பொம்பளப்புள்ள சீர் எடுத்தாந்து இந்தத் தெருவுல யாரும் பாத்ததில்லையேம்மா" என்றார். கை நீளவில்லை. எதிர்வீட்டு அம்மா துடைப்பத்தைப் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தாம்பாளம் கனத்தது. அம்மா சொன்னதைக் கேட்டிருக்கலாமோ என்று தோன்றியது.

அப்போது மாமா வெளியே வந்தார். என்னைப் பார்த்தார், தாம்பாளத்தைப் பார்த்தார். "உப்பு இருக்கா?" என்று கேட்டார். பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். சிரிக்க ஆரம்பித்தவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தலைப்பொங்கல் சீர்ல எல்லாம் இருக்கு, உப்பத் தவிரன்னு வெளயாட்டா ஒரு வார்த்த சொல்லிட்டேம்மா. மொறச்சிக்கிட்டுப் போனாரு உங்கப்பா. அடுத்த வருசத்துலேர்ந்து வேதாரண்யம் போயி வாங்கியாந்து என் கையிலயே குடுப்பாரு. சிரிக்கவே மாட்டாரு."

இத்தனை வருடமா அப்பா? ஒரு கேலிக்கு? இந்த வீம்பு எனக்கு எங்கிருந்து வந்தது என்று அம்மா கேட்பாளே, இனி பதில் சொல்லிவிடலாம்.

அத்தை சிரிக்கவில்லை. மாமா கையில் இருந்த பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் தாம்பாளத்தை வாங்கினார். வாங்கியவர் வீட்டுக்குள் போகவில்லை. தெருவைப் பார்த்து, எதிர்வீட்டு அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"ஏ விஜயா! நல்லாப் பாத்துக்க! எம் பொறந்த வீட்லேர்ந்து சீர் வந்திருக்கு!"

தெருக்கோடி வரை கேட்டிருக்கும். நான் நடுத்தெருவில் நின்று அழுதேன் அப்பா. உங்களுக்காகத் தில்லியில்கூட அப்படி அழவில்லை.

அடுத்த தைக்கும் வருவேன். அம்மாவையும் கிளப்பிக்கொண்டு வருவேன். எனக்கு லீவு கிடைக்காமல் போகலாம், டவர் கிடைக்காமல் போகலாம், பஸ்கூடக் கிடைக்காமல் போகலாம். ஆனாலும் நான் இருக்கும்வரை அத்தை வாசலுக்குச் சீர் வராமல் ஒரு பொங்கல் போகாது.

இப்படிக்கு,
உங்கள் மகள்,
அத்தையின் பிறந்த வீடு.