எந்த போன் ஜாஸ்தி நடுங்கும்?

என் அருமை செல்வி அக்கா,

நலமா என்று கேட்டுத் தொடங்க முடியவில்லை. சுற்றி வளைத்துப் பேசவும் எனக்கு வராது, உனக்கே தெரியும். அம்மாவுக்கு ஒரு செல்போன் வாங்கிக் கொடுத்தேன். அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

சிரிக்காதே. காது கேட்காத, பேச்சு வராத, எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்குப் போன் எதற்கு என்றுதானே கேட்கிறாய்? நீ காய்ச்சலில் போன பிறகு நான் வேறென்ன செய்வது? முன்பெல்லாம் நான் அம்பத்தூரிலிருந்து நம்ம ஊர் எஸ்டிடி பூத்துக்குப் போன் செய்தால் நீ ஓடி வருவாய். நான் சொன்னதை வீட்டுக்குப் போய் அவளுக்குக் கையால் சொல்வாய். இப்போது பூத் இருக்கிறது, நானும் இருக்கிறேன், நடுவில் ஆள் இல்லை. அம்மாவை என்னோடு வந்துவிடு என்றால், அடுப்பையும் மல்லாட்டைக் கூடையையும் காட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். கிரிவலம் வருகிறவர்களுக்குக் கடலை வேகவைத்துக் கொடுக்க அவளை விட்டால் ஆளில்லை என்று நினைப்பு.

முதலில் பேஜர்தான் யோசித்தேன். இடுப்பில் செருகிக்கொள்ளலாம், செய்தி வந்தால் நடுங்கும். ஆனால் அது நம்ம ஊருக்கு வரவே இல்லை; சென்னையிலேயே அந்தக் கம்பெனிக்காரர்கள் கடையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் தேரடி வீதியில் ஒரு போன் கடைக்குப் போனேன்.

"இது ரிங்டோன் சூப்பரா இருக்கும் சார்," என்றார் கடைக்காரர்.

"சத்தமே வேணாங்க. எது ஜாஸ்தி நடுங்கும், அதைக் காட்டுங்க."

"எதுக்கு சார், மாவு சலிக்கவா?"

"எங்கம்மாவுக்குக் காது கேக்காது."

உடனே அவர் இருந்த போன்களையெல்லாம் கண்ணாடி மேஜையில் வரிசையாக அடுக்கினார். சிம்மை மாற்றி மாற்றிப் போட்டு ஒவ்வொன்றுக்கும் மெசேஜ் அனுப்பிப் பார்த்தோம், எது அதிக தூரம் நகர்கிறதென்று. செங்கல் மாதிரி இருந்த ஒன்று மேஜை விளிம்பு வரைக்கும் போய்விட்டது. அதையே வாங்கினேன். பாலிடெக்னிக்கில் படித்ததற்கு அன்றைக்குத்தான் பலன் என்று நினைத்தேன்.

ஏற்பாடு சுலபம். சாயங்காலம் நான் ஒரு புள்ளி மட்டும் வைத்து மெசேஜ் அனுப்புவேன். அவள் இடுப்பில் போன் நடுங்கும். பக்கத்து வீட்டு சாந்தி அத்தை சொல்லிக்கொடுத்தபடி அவள் பட்டனை அமுக்குவாள். என் போன் ஒரு தடவை அடித்து நிற்கும். நான் நன்றாக இருக்கிறேன், அவளும் நன்றாக இருக்கிறாள். இப்படியே சில மாதம் ஓடியது.

போன பௌர்ணமி அன்று பதில் வரவில்லை. அவள் கடை போடுகிற மலைக்குப் பின்பக்கம் எப்போதுமே சிக்னல் கம்மி. அன்றைக்கு வந்த கூட்டம் முழுக்கக் கையில் போன் வைத்திருந்தால் டவர் என்ன செய்யும்? இதெல்லாம் எனக்குத் தெரியும், டவர் வேலைதானே என் தொழிலே. தெரிந்தும் மறுபடி அனுப்பினேன். பதில் இல்லை. மறுபடி அனுப்பினேன். பூத்துக்குப் போட்டால் எங்கேஜ்டு. கொதிக்கிற பாத்திரத்துக்குப் பக்கத்தில் அவள் தனியாக நிற்பாளே என்ற நினைப்பில் அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் காலையில் புதுக்குரல் ஒன்று அவள் நம்பரிலிருந்து பேசியது.

"தம்பி, கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டுல டீக்கடை வெச்சிருக்கேன். இந்தம்மா மெட்ராஸ் பஸ்ல ஏறியிருக்காங்க. எங்க போவணும்னு கேட்டா போனையே நீட்டறாங்களாம். கண்டக்டர் எங்கிட்ட உட்டுட்டுப் போய்ட்டாரு. அழுதுக்கினே இருக்காங்க. நீ யாருப்பா அவங்களுக்கு?"

நான் போய்ச் சேர்ந்தபோது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்து என் தலையைத் தடவினாள், கையைத் தூக்கிப் பார்த்தாள், முட்டியைப் பார்த்தாள். எங்கும் அடியில்லை என்று தெரிந்ததும் கன்னத்தில் பளாரென்று ஒன்று வைத்தாள். பிறகு என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். விடாமல் இழுத்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள்.

அப்போதுதான் புரிந்தது, அக்கா. கூட்டம் கலைந்ததும் தேங்கிக் கிடந்த மெசேஜ் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்திருக்கின்றன. அம்மாவைக் கூப்பிட நாம் முந்தானையை ஒரு தடவைதானே இழுப்போம்? சின்ன வயதில் நான் கிணற்றில் விழுந்த அன்றைக்கு மட்டும் நீ விடாமல் இழுத்தாய். அடுப்பில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு அவள் ஓடி வந்தாள். இடுப்பில் போன் விடாமல் நடுங்கியபோது அவளுக்கு அதுதான் ஞாபகம் வந்திருக்கிறது.

டவர், கூட்டம், நெரிசல் என்று அவளுக்குச் சொல்லப் பார்த்தேன். மலையைக் காட்டினேன், ஆட்களைக் காட்டினேன், கைகளை மூடித் திறந்தேன். அவள் வெறுமனே பார்த்தாள். "உனக்கு அம்மாகிட்ட பேசவே தெரியலடா, எல்லாத்துக்கும் தலையை மட்டும் ஆட்றே" என்று சொல்வாயே. நீயாக இருந்தால் எந்தச் சைகையில் சொல்லியிருப்பாய்? அதை யாரிடம் போய்க் கேட்பேன்?

போனை அவள் திருப்பித் தரவில்லை. இடுப்பில்தான் இருக்கிறது. ஆனால் இப்போதெல்லாம் ஒரு கையால் அதை மூடிக்கொண்டே மல்லாட்டை அளக்கிறாளாம், சாந்தி அத்தை சொன்னார்கள்.

நாளைக்கு மறுபடி பௌர்ணமி. சாயங்காலம் ஒரு புள்ளி அனுப்புவேன். பதில் வராது என்று தெரியும். விடியும்வரை போனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், எனக்கு அதுதான் வராத வேலை. இருந்தாலும் உன்மேல் சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு தடவைக்கு மேல் இழுக்க மாட்டேன்.

இப்போது முந்தானை கையில் இருக்கிற,
உன் தம்பி சரவணன்