வல்லூறுக்குப் பன்னீர்

ஜனவரி 19, திங்கள்

இன்றும் பன்னீர்தான். நேற்றைய பால்கட்டித் துண்டுகள் கூண்டுக்குள் மஞ்சளாகிக் கிடந்தன, எறும்பு மொய்த்து. சீ.

வல்லூறு அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புறா அளவுதான் இருக்கும், ஆனால் எலியும் ஓணானும் பிடித்துத் தின்கிற பறவை. பட்டத்தின் மாஞ்சா நூல் அறுத்த இறக்கையோடு செம்பாக்கம் ஏரிக்கரையில் கிடந்ததை எங்கள் பள்ளிக்குக் கொண்டுவந்து, ‘பறவைத் தூதர்’ என்று போர்டு மாட்டிவிட்டார்கள். வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்வது என் வேலை.

“வளாகத்துக்குள்ள அசைவம் கூடாதுன்னா பறவைக்கும் கூடாது. பழகிக்கும்” என்கிறார் கரஸ்பாண்டன்ட் பத்ரிநாராயணன் சார். போட்டோவுக்கு மட்டும் பக்கத்தில் நிற்பார்.

ஜனவரி 20

ஃபிரிட்ஜிலிருந்து கோழி ஈரலை எடுத்து ஜியாமெட்ரி பாக்ஸில் கொண்டுபோனேன். கையெல்லாம் பிசுபிசு. ஒரே நிமிடத்தில் தின்றது.

“ஈரல் எங்கடி?” என்று அம்மா கேட்டாங்க. பூனை என்றேன். ஃபிரிட்ஜைத் திறக்கிற பூனை!

ஜனவரி 21

இன்றும் ஈரல் கொடுத்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போனேன். “ஏய் அபி, உன் பைல இன்னாடி கவிச்சி நாத்தம்?” என்றாள் சுஜி. தனம் மிஸ் காதில் விழுந்துவிட்டது. நாளையிலிருந்து கேட்டில் எல்லார் பையையும் திறந்து பார்ப்பார்களாம். மாட்டினால் டி.சி.

ஜனவரி 23

வெறும் பையோடு போனேன். கூண்டுப் பக்கம் போகவில்லை. எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

சர்ச் முடிந்து வந்தால் வீட்டில் கோழிக் குழம்பு. கறியை ஒதுக்கிவிட்டுச் சோறு மட்டும் தின்றேன்.

ஜனவரி 26

கொடியேற்றம் முடிந்ததும் சிறப்பு விருந்தினரைக் கூண்டருகே கூட்டிவந்தார்கள். ஞானஜோதி மேடம், கால்நடை மருத்துவர். வல்லூறு தரையில் உட்கார்ந்திருந்தது.

“இது என்னம்மா சாப்பிடும்?”

பன்னீர், ஊறவைத்த பயறு — மனப்பாடம் செய்த பதில். சார் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். நான் அந்தப் பதிலைச் சொல்லவில்லை.

“பச்சைக் கறி மேடம். அஞ்சு நாளா பட்டினி. ஒரு ரெண்டு நாள் நான்தான் திருட்டுத்தனமா குடுத்தேன்.”

மேடம் அதன் நெஞ்சைத் தடவிப் பார்த்தார். “எலும்பு கத்தி மாதிரி இருக்கு சார். இத வளக்க யார் அனுமதி குடுத்தது?” அங்கேயே நின்று வனத்துறைக்கு போன் செய்தார்.

பிப்ரவரி 9

வனத்துறை கொண்டுபோன வல்லூறு நேற்று ஒரு எலியை முழுசாகத் தின்றதாம். மேடம் அப்பாவுக்கு போன் செய்து சொன்னார். பறக்குமா என்று இன்னும் தெரியாதாம்.

பள்ளிக் கூண்டில் இப்போது முயல். போர்டை மாற்றவில்லை. விளக்கம் சொல்வது சுஜி.

நாளை ஊரப்பாக்கத்தில் எனக்குப் புது ஸ்கூல், ரயிலில் போகணும். டி.சி.யில் ‘பெற்றோர் விருப்பம்’ என்று எழுதியிருக்கிறார்கள். அப்பா இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். திட்டவில்லை.

லஞ்சுக்கு என்ன கட்டட்டும் என்று அம்மா கேட்டாங்க. மீன் வறுவல் என்றேன்.