அக்கா பார்க்காத நீர்நாய்

என் ஆசை அக்காவுக்கு,

அங்கே எப்படி இருக்கிறாய் என்று கேட்கப்போவதில்லை. நன்றாகத்தான் இருப்பாய். எங்கே போனாலும் உனக்கு முதல் பந்திதானே.

உன் மகள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். அவளை வளர்க்கத்தானே, நீ போன மறு வருஷம் என்னை அத்தானுக்குக் கட்டிவைத்தார்கள்? இப்போது திருமயத்து வீட்டில் நானும் அத்தானும் மட்டும். போன வாரம் அவராகவே கேட்டார்.

“எங்கிட்டாச்சும் போயிட்டு வருவமா செல்வி?”

இத்தனை வருஷத்தில் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. “எங்கிட்டுப் போறோம் அத்தான்?” என்றேன்.

“தேக்கடிக்கு. போட்டுல போவோம்.”

கல்யாணமான புதிதில் நீங்கள் இருவரும் போன இடம். வேறு ஊரே கிடைக்கவில்லையா அவருக்கு? பயணத்துக்கென்று மாம்பழ நிறத்தில் ஒரு சேலை எடுத்தேன். வழக்கம்போல அதை உன் படத்துக்கு முன்னால் வைத்து, பூப்போட்டுக் கும்பிட்ட பிறகுதான் கட்டிக்கொண்டேன். மூத்தவளுக்குப் படைக்காமல் இளையவள் புதுசு உடுத்தக் கூடாதாம். சின்ன வயதில் உன் பழைய பாவாடைகளைப் போட்டேன். இப்போது புதுச் சேலைகூட உன்னுடையதாகிவிட்டுத்தான் எனக்கு வருகிறது.

ஏரி நீ சொன்ன மாதிரியேதான் இருக்கிறது. அணை கட்டித் தண்ணீர் தேக்கியபோது மூழ்கிய மரங்கள் பட்டுப்போய் இன்னும் நிற்கின்றன. அவற்றின் உச்சியில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்து ஈரம் உலர்த்திக்கொண்டிருந்தன. அழகாகத்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

அத்தான் டிக்கெட் கொடுப்பவரிடம் கெஞ்சி இடப்பக்கத்து இருக்கைகளை வாங்கியிருந்தார். ஏன் என்று கேட்டேன்.

“ஒங்கக்கா இந்தப் பக்கம் ஒக்காந்துதான் யானைக் கூட்டத்தப் பாத்தா. குட்டியோட வந்துச்சு. நீயும் பாக்கணும்ல.”

நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது. செத்துப்போனவள்மேல் என்ன பொறாமை என்று கேட்பாய். உயிரோடு இருப்பவள் என்றால் சண்டையாவது போடலாம். உனக்கு நரை விழவில்லை, முட்டி வலிக்கவில்லை, நீ வைத்த குழம்பில் உப்புக் கூடியதாக இப்போது யாருக்கும் ஞாபகம் இல்லை. உன்னோடு நான் எப்படிப் போட்டி போடுவது?

யானை வரவில்லை. தூரத்தில் நாலைந்து காட்டெருமைகள் மேய்ந்தன. “வரும் செல்வி, வரும்” என்று அத்தான் இடப்பக்கக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தேடியது எனக்காகவா, உனக்காகவா?

நான் வீம்புக்கு வலப்பக்கம் திரும்பினேன். அப்போதுதான் பார்த்தேன், அக்கா. ஒரு பட்ட மரத்தின் அடியில் நீர்நாய்கள், குடும்பமாக. ஒன்று, பிடித்த மீனை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு தலையிலிருந்து நறுக் நறுக்கென்று தின்றது. இன்னொன்று பிடுங்க வந்தது. இது விடவில்லை. தின்றுகொண்டே என்னைப் பார்த்தது.

அத்தான் தோளைத் தொடப்போன கையை இழுத்துக்கொண்டேன். நீர்நாயை நீ பார்த்ததாக ஒருநாளும் சொன்னதில்லை. இது ஒன்றாவது எனக்கென்று இருக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

இறங்கும்போது, “ஒனக்கு ஒண்ணும் பாக்கக் குடுத்து வைக்கலியே” என்று வருத்தப்பட்டார்.

“அதுக்கென்ன அத்தான்” என்றேன். ஊர் வந்து சேரும்வரை சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் வந்தேன்.

வீட்டில் சேலையை மடிக்கும்போது எதிரில் உன் படம். யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்தது. உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிட்டேன். பார், இதையும் உனக்குத்தான் முதலில் படைத்திருக்கிறேன்.

சரி, எடுத்துக்கொள். நாளைக் காலையில் காபி கொடுக்கும்போது அத்தானிடமும் சொல்லிவிடுவேன். அடுத்த தடவை அவரை வலப்பக்கம்தான் உட்காரவைப்பேன். யானையே வந்து நின்றாலும் உன் பக்கம் திரும்ப விடமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன் பாவாடைகளைப் போட்டு வளர்ந்த
தங்கச்சி செல்வி